ஏரி வாரியமும் எங்கள் வாரியமும்

குண்டலுபேட்டைக்காரருக்குக் கடல் என்பது தூரத்து உறவினர் வீடு போன்றது. இருப்பது தெரியும், போய்ப் பார்ப்பது அரிது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், பந்திப்பூர்க் காட்டிற்கு வடக்கே அமைந்த மேட்டு நிலத்து ஊர் அது. ஒரு சாலை ஊட்டிக்குப் போகும். மற்றொரு சாலை சுல்தான் பத்தேரிக்குப் போகும். அவ்வழியே வயநாட்டைக் கடந்து, மலையிறங்கி, கோழிக்கோட்டை அடைந்தால்தான் அலையைக் காணலாம். ஆடி மாதத்தில் சாலையின் இருபுறமும் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்துக் குலுங்கும். அப்பூக்களுக்கு வேண்டிய மழையோ வந்தால் உண்டு, வாராவிடில் இல்லை. வானத்தை அண்ணாந்து பார்த்து வாழும் அத்தகைய ஊரிலிருந்து, தண்ணீர் மிகுந்திருப்பதே தொல்லையாகிவிட்ட ஒரு நாட்டிற்கு, 2011ஆம் ஆண்டில் நானும் என் கணவரும் கல்வி பயிலச் சென்றோம்.

நெதர்லாந்து எனப்படும் அந்நாட்டை நம் முன்னோர் ஒல்லாந்து என்றனர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வணிகம் செய்த ஒல்லாந்தரின் தாயகம் அது. அதன் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. என் கணவர் டெல்ஃப்ட் நகரில், 1957இல் தொடங்கப்பெற்ற நீர்ப்பொறியியல் கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். நான் 1575இல் நிறுவப்பெற்ற லெய்டன் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயிலச் சேர்ந்தேன். உதவித்தொகை அவருக்கு மட்டுமே கிடைத்தது. என் கட்டணத்திற்கு என் நகைகள் போயின. டெல்ஃப்டில் கால்வாய்க் கரையோரம் ஒரு மாடிப் பகுதியில் குடியிருந்து, நாள்தோறும் இரயிலில் லெய்டனுக்குப் போய் வந்தேன்.

அங்கே மக்கள்தொகையைக் காட்டிலும் மிதிவண்டிகளின் தொகை மிகுதி. நாங்களும் பழைய வண்டிகள் இரண்டை வாங்கினோம். அவற்றின் கைப்பிடியில் பிரேக் இல்லை. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால்தான் வண்டி நிற்கும். கடைக்காரர் இதைச் சொல்லத்தான் செய்தார்; சொன்ன மொழிதான் எங்களுக்குப் புரியவில்லை. முதல் வாரத்திலேயே என் கணவர் அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாலத்தின் இறக்கத்தில் வந்தபோது, அவருடைய விரல்கள் இல்லாத பிரேக்கைத் தேடின. வண்டி பாலத்தின் கம்பியில் முட்டி நின்றது. அரிசி கால்வாயில் மூழ்கியது. அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், ஒரு சொல்லும் பேசாமல், தம் வண்டியில் ஏறி மிதியைப் பின்னோக்கி அழுத்தி நிறுத்திக் காட்டிவிட்டுப் போனார். அன்றிரவு ரொட்டிதான். ஊரில் எதற்கும் விடை அறிந்தவராக விளங்கிய என் கணவரும், எதற்கும் அவரைக் கேட்டே பழகிய நானும், அந்நாட்டில் ஒரே வகுப்பின் கடைசி வரிசை மாணாக்கர் ஆனோம். எங்கள் இல்வாழ்க்கையில் நேர்ந்த நல்ல திருப்பங்களுள் அதுவும் ஒன்று.

அரிசிக்கும் முருங்கைக்காய்க்கும் டென் ஹாக் நகரத்துக்கு டிராம் வண்டி ஏறிச் செல்வோம். அங்கே கடை வைத்திருந்தவர் பலர் சூரினாம் நாட்டிலிருந்து வந்த இந்திய வழியினர். 1873 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அத்தகைய கடையொன்றில்தான் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் எங்களுக்கு அறிமுகமானார். “இந்த மொழிக்கு ஏன் அஞ்சுகிறீர்கள்? நாங்கள் சொல்லும் கந்தோரும் போஞ்சியும் லாச்சியும் இவர்களிடம் வாங்கியவைதாமே! உங்கள் துட்டும் இவர்கள் காசுதான்” என்று அவர் சிரித்தார். அலுவலகமும் பீன்ஸும் மேசை இழுப்பறையும் அன்று முதல் எங்களுக்கு அயல்மொழியாக ஒலிக்கவில்லை.

ஒரு நாள் அரசு முத்திரையிட்டாற்போன்ற கடிதம் ஒன்று வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தோம். நகராட்சி வரியன்று, தண்ணீருக்கென்றே அமைந்த ஒரு வாரியத்தின் வரி. மாணவர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டாம். வருவாய் குறைந்தோர் விலக்குக் கோரலாமாம். அவ்வாறே கோரினோம். ஆனால் அக்கடிதம் என்னை விடவில்லை. டெல்ஃப்ட் பகுதியின் நீர் வாரியம் 1289ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. அரசர்கள் மாறினார்கள், சமயச் சண்டைகள் நடந்தன, அயலார் படையெடுத்தனர். வாரியம் மட்டும் கரையைக் காத்து நின்றது. இன்று அந்நாட்டில் இத்தகைய வாரியங்கள் 21 உள்ளன. அவற்றின் உறுப்பினரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இதைக் கேட்கும் தமிழருக்கு உத்தரமேரூர் நினைவுக்கு வாராதிருக்குமோ? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகள், ஏரி வாரியத்திற்குக் குடவோலை வழியாக உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமரலாகாது என்ற விதியும் அவற்றில் உண்டு. லெய்டன் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் இருந்த ஆனைமங்கலச் செப்பேடுகளும் நீரை மறந்தவையல்ல. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு இராசராசன் அளித்த ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்தி வகுத்த செய்தியோடு, அவ்வெல்லையில் ஓடிய வாய்க்கால்களின் பெயர்களையும் அவை கூறுகின்றன.

என் கணவர் தம் வகுப்பில் கேட்டு வந்து கூறிய செய்தி ஒன்றும் உண்டு. பழங்காலத்தில் அங்கே ஒவ்வோர் உழவனுக்கும் கடற்கரை அணையில் ஒரு துண்டு பங்கிடப்பட்டிருந்தது. தன் துண்டைப் பேண இயலாதவன் தன் மண்வெட்டியை அணையில் குத்தி நிறுத்திவிட்டு நிலத்தைத் துறந்து போகவேண்டும். அம்மண்வெட்டியைப் பிடுங்கியவனுக்கு நிலமும் உண்டு, அணையைப் பேணும் கடமையும் உண்டு. நம் குடிமராமத்திலும் வீட்டுக்கொருவர் ஏரிக்கரைக்கு மண் சுமந்தனர். ஒருவன் பங்கில் ஓட்டை விழுந்தால் ஊர் முழுவதும் மூழ்கும் என்பதே இரு நாட்டார்க்கும் பொதுவான அறிவு.

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த மூதாட்டிக்கு அது ஏட்டறிவன்று. 1953ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் விடியுமுன், வடமேற்குப் புயலும் பேரலையேற்றமும் ஒன்றுகூடி அந்நாட்டின் தென்மேற்குத் தீவுகளில் அணைகளை உடைத்தன. 1,836 பேர் மாண்டனர். சிறுமியாயிருந்த அவர் கூரைமேல் அமர்ந்து விடியலைக் கண்டாராம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையை நான் சொன்னேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். காற்று வலுத்த இரவுகளில் அவர் அறையில் விளக்கு எரியும். அணையைக் காக்கத் தொண்டர்கள் முறை வைத்து நடப்பார்கள் என்பதை அறிந்திருந்தும் அவர் விழித்திருப்பார்.

முறை என்னும் அச்சொல்தான் இரண்டாம் குளிர்காலத்தில் எங்களைக் காத்தது. குண்டலுபேட்டையில் மாமனாருக்குப் பக்கவாதம் கண்டது. தொலைபேசியில் நாத்தனார் அழுதவாறே சொன்னார்: “தம்பி படிப்பை முடித்துவிட்டு வரட்டும். நீ உடனே புறப்பட்டு வாம்மா. பெண்பிள்ளை இவ்வளவு படித்ததே போதாதா?” அவர் என்மீது அன்பில்லாதவரல்லர், உலகம் அவரிடம் எப்படிக் கேட்டதோ அப்படி அவர் என்னிடம் கேட்டார். என் ஆய்வேடு பாதியில் கிடந்தது. நான் பெட்டியை எடுத்தேன்.

என் கணவர் அதை வாங்கி வைத்துவிட்டு, தொலைபேசியைக் கையில் எடுத்தார். “அக்கா, அவள் படிப்பும் படிப்புதான். அப்பாவுக்கு மகன் நான், முதல் முறை என்னுடையது” என்றார். தேர்வைத் தள்ளி எழுத ஆசிரியர்களிடம் இசைவு பெற்று, அவரே முதலில் சென்று ஐந்து வாரம் தந்தையைக் கழுவித் துடைத்து ஊட்டினார். அவர் மீண்டதும் நான் ஆறு வாரம் சென்றேன். எனக்குப் பின் நாத்தனார் ஏற்றார். என் ஆய்வேட்டின் இரண்டு இயல்களை மாமனாரின் கட்டிலருகே அமர்ந்துதான் எழுதினேன்.

ஏரிப்பாசன நிலத்தில் உழுதவர் அவர். நான் போய்ச் சேர்ந்த அன்று, கோணிய வாயால், “உன் பரீட்சை?” என்று கேட்டார். முறை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “நல்லது. முறை தப்பினால் கடைமடை காய்ந்துபோகும்.”

அவர் வயலைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ஆனால் நம் வீடுகள் பலவற்றில் பெண்ணின் கல்வி கடைமடை நிலமாகவே கிடக்கிறது. தலைமடையில் இருப்போர் தீயவர் என்பதன்று. நீர் இருக்கும் வரை பாய்ச்சுகிறார்கள். கடைசியில் நீர் இருப்பதில்லை. இதற்கு மருந்து இரக்கமன்று; முறை. இன்னார்க்கு இன்ன நாள் என்று முன்னரே வகுத்து, அந்நாளில் மடையைத் திறந்துவிடும் ஒழுங்கு.

இருவரும் 2013இல் பட்டம் பெற்றுத் திரும்பினோம். மாமனார் கோலூன்றி நடந்து மேலும் மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

இக்காலத்தில் நம் தமிழ்க் குடும்பங்களில் இளந்தம்பதியர் பலர் சேர்ந்தே வெளிநாடு சென்று படிக்கிறார்கள். புறப்படுமுன் எங்களிடம் வந்து, குக்கர் கொண்டு போகலாமா, ஊறுகாயை விமானத்தில் விடுவார்களா என்று கேட்கிறார்கள். தெரிந்தவரை சொல்கிறோம். அதன்பின் என் கணவர் மற்றொன்றையும் கேட்பார்: “ஊரிலிருந்து அழைப்பு வந்தால், முதல் முறை யாருடையது என்று பேசிக்கொண்டீர்களா?” பெரும்பாலும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். காபி ஆறட்டும், இப்போதே பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் சற்று நேரம் தோட்டத்துப் பக்கம் போய்விடுவோம்.