சன்னலுக்கு அளவு

(இரண்டாம் ஆண்டு, கணிதம்)

சன்னலுக்குத் தமிழில் ‘காலதர்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. ஆங்கிலத்தில் வழங்கும் ‘விண்டோ’ என்பதும் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. நாம் அன்றாடம் சொல்லும் சன்னலோ போர்ச்சுக்கீசியர் தந்த சொல். காலதரிலும் கண்ணாடி இல்லை. விண்டோவிலும் கண்ணாடி இல்லை. இரண்டிலும் இருப்பது காற்றுதான். தமிழ் வகுப்பில் கேட்ட இச்செய்தியின் முழுப்பொருள், எங்கள் வீட்டுக்குப் புதுச் சன்னல் போட அளவெடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் எங்கள் பகுதியையும் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் ஓட்டு வீட்டில் தெருப்பக்கச் சன்னலின் கதவுகளும், நான் படிக்கும் உள்ளறைச் சன்னலின் கதவுகளும் கீலோடு பிய்ந்து போயின. கையிலிருந்த பணம் ஓடு மாற்றுவதற்கே சரியாகிவிட்டது. சன்னல்களைத் தகரத்தால் அடைத்தோம். ஆண்டுகள் ஓடின, மரநிலைகளைச் செல் அரித்தது.

தெருப்பக்கச் சன்னலடியில்தான் அப்பத்தாவின் கட்டில். அவருக்கு இளைப்பு நோய். இரவில் மூச்சு வாங்கும்போது எழுந்து உட்கார்ந்து, தகரத்தின் ஓரத்தைத் தள்ளி, அந்த இடுக்கில் முகத்தை வைத்துக்கொள்வார். அந்தத் தகரம் அசையும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நான் பல இரவுகள் படித்திருக்கிறேன்.

இவ்வாண்டு அப்பா ஏலச்சீட்டு எடுத்தார். நகரத்துக் கடையொன்றில் விசாரித்தபோது, பிளாஸ்டிக் சட்டத்தில் கண்ணாடி பொருத்திய இழுப்புக் கதவு போட்டால் இரண்டு சன்னலும் சீட்டுப் பணத்துக்குள் முடியும் என்றார்கள். அளவை மில்லிமீட்டரில் எழுதித் தரவேண்டும். செய்தபின் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

அளவெடுக்க ஊர் ஆசாரியை அழைத்தோம். பழைய நிலையைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுவரில் டேப்பைப் பிடித்தார். எழுதுவது என் வேலை. கீழே அகலம் 4 அடி. அதோடு முடிந்தது என்றே நினைப்போம். அவர் நடுவில் பிடித்தார்: 3 அடி 11 அங்குலம் 4 நூல். மேலே பிடித்தார்: 3 அடி 11 அங்குலம் 6 நூல். (எட்டு நூல் ஓர் அங்குலம்.) “மூணுல எது கம்மியோ அதுதான் தம்பி அளவு. பெரிசாச் செஞ்சா உள்ள நுழையாது, சிறிசா இருந்தா சந்தைப் பூசி அடைச்சுக்கலாம்” என்றார். உயரத்தையும் இவ்வாறே மூன்று இடத்தில் எடுத்தார்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்கே பிடித்தார். இரண்டு குறுக்களவுக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் வேறுபாடு. மூலைவிட்டங்கள் சமமாக இல்லாத இணைகரம் செவ்வகமாகாது என்பதை நான் தேற்றமாகப் படித்தவன். அவர் அதைத் தொழிலாகப் படித்தவர். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். சுவரின் விளிம்பு 5 நூல் சாய்ந்திருந்தது. அதையும் கழித்து, பொருத்துவதற்குப் பக்கத்துக்கு 2 நூல் இடைவெளியும் விட்டபோது, அகலம் 3 அடி 10 அங்குலம் 3 நூல் என நின்றது. மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956-இலேயே வந்துவிட்டபோதிலும் ஆசாரிக்கு நூலும் அங்குலமும்தான். அங்குலத்துக்கு 25.4 வீதம் பெருக்கி, 1178 மில்லிமீட்டர் என்று எழுதினேன். கீழளவை மட்டும் நம்பியிருந்தால் 1219 என்று எழுதியிருப்போம்.

“என்ன கதவு போடப் போறீங்கண்ணே?” என்று அப்பாவைக் கேட்டார் ஆசாரி. அப்பா இழுப்புக் கதவு என்றார். ஆசாரி தம் இரு உள்ளங்கைகளையும் அருகருகே வைத்து, ஒன்றை மற்றொன்றின்மேல் நகர்த்திக் காட்டினார். “ஒண்ணு மேல ஒண்ணுதானே போகும்? எந்நேரமும் பாதிதான் திறந்திருக்கும். நாலடிச் சன்னலுக்குக் காசு கொடுத்து ரெண்டடிக் காத்து வாங்குறீங்க.”

அப்பா ஒன்றும் பேசவில்லை. முழுதும் விரியும் கீல் கதவு போட்டால் சீட்டுப் பணம் ஒரு சன்னலோடு தீர்ந்துவிடும். அப்பத்தாதான் பேசினார்: “பாதி போதும்ப்பா எனக்கு. இத்தனை வருசம் ஒரு விரக்கடை இடுக்குல மூச்சு விட்டேன். பேரன் படிக்கிற உள்ளுக்கும் கதவு வேணுமுல்ல?”

நெடுநேரம் கழித்து அப்பா, “முன்னாலேயே விரியுற கதவு போட்டுருவோம்” என்றார். உள்ளறைக்கு, பெயர்த்தெடுத்த மரத்தில் செல் அரிக்காத பலகைகளைத் தேடி எடுத்துக் கதவு செய்வதென முடிவாயிற்று. அதற்குக் கூலி மட்டுமே. நான் தலையாட்டினேன்.

ஆசாரியின் அளவு அதோடும் முடியவில்லை. “ஆத்தா, கட்டில்ல உக்காந்து கையை நீட்டுங்க” என்றார். அப்பத்தாவின் விரல் எட்டிய இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். சன்னலின் அடியிலிருந்து 14 அங்குலம். “கைப்பிடி இதுக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதுங்க தம்பி. ராத்திரி யாரையும் எழுப்பாமத் தானே திறந்துக்கணும்” என்றார். கடைக்காரர் தந்த படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் என்றேனும் சன்னல் மாற்ற நேரலாம். அகலமும் உயரமும் மூன்று மூன்று இடத்தில் எடுங்கள், குறைந்ததைக் கொள்ளுங்கள், மூலைவிட்டம் பாருங்கள். அதற்குப் பிறகு, அந்தச் சன்னலடியில் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்டு, அவர்களையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

இப்போது இரவில் தகரம் அசையும் ஓசை இல்லை. கைப்பிடி திரும்பும் சிறு ஓசை மட்டும் கேட்கிறது. மழை நாளில் என் பலகைக் கதவைச் சாத்தினால் அறை இருண்டுவிடும். விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறேன்.