கடைசி அரை நிமிஷம்

முதல்லயே சொல்லிடறேன், இது எல்லாருக்கும் பிடிக்கிற சங்கீதம் இல்லை. "மெட்டும் இல்லை, தாளமும் இல்லை, பதினாறு பேர் ஒன்பது நிமிஷமா இழுத்துக்கிட்டே இருக்காங்க" என்பது எங்க வீட்டு விமர்சனம். தப்புன்னு சொல்ல முடியாது :-)

ஹங்கேரியிலிருந்து 1956ல் ஆஸ்திரியாவுக்குத் தப்பி வந்த ஜியார்ஜ் லிகெட்டி, 1966ல் எழுதின 'லுக்ஸ் எடெர்னா'வைத்தான் சொல்றேன். நித்திய ஒளி என்று அர்த்தம். குப்ரிக்கின் '2001' படம் பார்த்தவங்க இதைக் கேட்டிருப்பீங்க. நிலாவில் அந்தக் கறுப்புக் கல்லைப் பார்க்க வண்டியில் பறந்து போவாங்களே, அங்கே பின்னணியில் வரும். (லிகெட்டியிடம் முறையா அனுமதி வாங்காமலே படத்தில் போட்டுட்டாங்க. அது தனிக்கதை.)

வாத்தியம் எதுவும் கிடையாது. பதினாறு குரல், பதினாறு தனித்தனி வரி. ஒரே மெட்டைத்தான் பாடறாங்க. ஆனா ஒருத்தர் அடுத்த சுரத்துக்கு நகரும்போது பக்கத்தில் இருப்பவர் இன்னும் பழைய சுரத்திலேயே நிக்கிறார். மெட்டு கலைஞ்சு போய் பனிமூட்டம் மாதிரி ஒண்ணு மிஞ்சுது. வார்த்தைகளும் அதுக்குள்ளே கரைஞ்சிடும். ஆரம்பத்தில் "தூரத்திலிருந்து வருவது போல" என்று குறிப்பு வேற எழுதி வெச்சிருக்கார்.

பாட கஷ்டமான பாட்டு. தம்புரா மாதிரி பிடிச்சுக்க ஒண்ணும் இல்லை. பதினாறு பேரில் ஒருத்தர் கொஞ்சம் இறங்கினாலும் மத்தவங்களையும் சேர்த்து இழுத்துடுவார். சுருதிக்கவையைக் காதில் வெச்சுக்கிட்டுப் பாடறவங்களும் உண்டு. ஸ்டுடியோவில் தப்பினா திரும்பப் பாடலாம். மேடையில் முடியாது.

என்கிட்ட ஸ்டுடியோ பதிவு ஒண்ணு, ஒரு தேவாலயக் கச்சேரியில் பதிவான லைவ் ஆல்பம் ஒண்ணு, ரெண்டும் இருக்கு. சுத்தம்னு பார்த்தா ஸ்டுடியோதான். லைவில் இருமல், நாற்காலி முனகல், யாரோ பக்கம் திருப்புற சத்தம் எல்லாம் உண்டு. ஆனாலும் நான் கேக்கறது லைவைத்தான். காரணம் கடைசி அரை நிமிஷம்.

பாடி முடிச்ச பிறகு ஏழு பார் மௌனத்தை லிகெட்டி நோட்டில் எழுதியே வெச்சிருக்கார். நம்ம கணக்கில் ஏழு ஆவர்த்தனம்னு வெச்சுக்குங்க. ஸ்டுடியோ பதிவில் இது வெறும் பூஜ்யம், பிளேயர் நின்னுபோச்சான்னு பார்க்கத் தோணும். லைவில் அந்த மௌனத்துக்குள்ளே ஆட்கள் இருக்காங்க. நூத்துக்கணக்கான பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பது எப்படியோ காதில் விழுது. மங்களம் முடியறதுக்குள்ளே செருப்பைத் தேடுற சபாக்களில் வளர்ந்த எனக்கு இது ஆச்சரியம்தான்.

பாட்டின் வார்த்தைகள் கத்தோலிக்கர்கள் இறந்தவங்களுக்காகப் பாடுற பூசையில் வருவது. எழுதினவர் யூதர். 1944ல் அவரைக் கட்டாய உழைப்புக்கு இழுத்துட்டுப் போனாங்க. அப்பாவும் தம்பியும் நாஜி முகாம்களில் இறந்தாங்க. அம்மா ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பினார். அவங்களை நினைச்சுத்தான் எழுதினார்னு சொல்ல வரலை. ஆனா இது தெரிஞ்ச பிறகு அந்த ஏழு பாரை வேற மாதிரி கேக்க முடியலை.

அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. மானிட்டரை அணைச்ச கையோட ஆம்புலன்ஸ், பில், யார் யாருக்கு போன் பண்ணணும்னு பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. யாரையும் குறை சொல்லலை, அந்த நேரத்து வேலை அப்படி. ஆனா நடுவில் ஒரு அரை நிமிஷம், யாரும் எதுவும் பேசாத அரை நிமிஷம், அன்னிக்குக் கிடைக்கவே இல்லை. அப்புறம் பதினாறாம் நாள் வரைக்கும் வீடு நிறைய சத்தம்.

இந்த ஆல்பத்தில் அது கிடைக்குது. முன்பின் தெரியாத யாரோ நூறு பேரோட உட்கார்ந்து நானும் சும்மா இருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவையாவது, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு.

கேக்கறதா இருந்தா ஹெட்போன் போட்டுக் கேளுங்க. ஆரம்பம் ரொம்ப மெதுவா இருக்கேன்னு சத்தத்தைக் கூட்டிடாதீங்க, நடுவில் பெண் குரல்கள் உச்சத்தில் வந்து காதைப் பிளக்கும். குரல்கள் நின்னதும் அடுத்த பாட்டுக்குத் தாவிடாதீங்க. கொஞ்சம் பொறுத்தா, எங்கேயோ பின் வரிசையில் ஒருத்தர் தயங்கித் தயங்கிக் கைதட்டறது கேக்கும்.