நட்சத்திரம் விழுங்கிய வட்டி

போன வாரம் புனேயிலிருந்து அக்கா பெண் ஃபோன் செய்தாள். ஏழாவது படிக்கிறாள். "மாமா, தாத்தா கணக்குல தப்பு இருக்கே?"

தூக்கிவாரிப் போட்டது. அப்பா மாயவரம் பக்கத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் கணக்கு நோட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே போபாலில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தட்டச்சு செய்து வருகிறேன்.

திறந்து பார்த்தேன். தனிவட்டிக் கணக்கு. அசல் 5000, வட்டி 8 சதவீதம், 3 வருஷம். திரையில் 500083/100 என்று நிற்கிறது! அதாவது வட்டி 5000 ரூபாய் 83 காசு. கீழே விடை மட்டும் சரியாக 1200. எங்கள் பேங்க்கில் இப்படி வட்டி கொடுத்தால் வாசலில் வரிசை நிற்கும் :-)

தப்பு அப்பாவுடையது இல்லை, என்னுடையது. நோட்டில் அழகான பெருக்கல் குறி இருக்கிறது. நான் எக்செல் பழக்கத்தில் 5000*8*3/100 என்று அடித்துவிட்டேன். ஆனால் அடித்தது மார்க்டவுனில். ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட இந்த முறையில், இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பது சாய்வெழுத்து. 8-ஐச் சாய்த்துவிட்டு நட்சத்திரங்களை விழுங்கிவிட்டது.

செக்கின் மூலையில் இரண்டு கோடு போட்டால் அது வெறும் கோடு இல்லை, 'பணமாகக் கொடுக்காதே, கணக்கில் போடு' என்ற உத்தரவு. அதே மாதிரிதான் இதுவும். உத்தரவு வேண்டாம், குறி மட்டும் போதும் என்றால் அதன் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட வேண்டும்: 5000\*8\*3/100.

சமன்பாடுகளை டாலர் குறிகளுக்குள் டெக் முறையில் எழுதும்போது இன்னொரு சிக்கல். அங்கே சதவீதக் குறி வந்தால் அந்த வரியில் அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் மறைந்துவிடும். அதனால் 8\% என்று எழுத வேண்டும். ஆனால் மார்க்டவுன் முதலில் படித்தால் அந்த பேக்ஸ்லாஷையும் தின்றுவிடும்! அப்போது 8\\% என்று இரண்டு போட வேண்டும். டாலருக்குள் இருப்பதை மார்க்டவுன் தொடாத இடங்களில் ஒன்றே போதும்.

இருபது வருஷமாக வவுச்சரை டிக் அடித்துச் சரிபார்க்கிறவன் நான். இதில் நான் அடித்ததைத்தான் நோட்டோடு சரிபார்த்தேன், திரையில் வந்ததைப் பார்க்கவில்லை. அதுதான் கோட்டை விட்ட இடம்.

அன்று ராத்திரியே பழைய கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இன்னும் ஆறு இடத்தில் நட்சத்திரம் காணவில்லை. அக்கா பெண்ணுக்கு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "தாத்தா கரெக்ட், மாமாதான் தப்பு" என்று பதில் வந்தது.

அப்பா இருந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.