எழுநூறு ஆண்டுகள் தாமதித்த எழுத்து

லிங்கன் என்றதும் அடிமைத் தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கன் நினைவுக்கு வருவார். நாம் சொல்வது அவரையன்று. இங்கிலாந்தின் கிழக்கே, குன்றின்மீது நிற்கும் லிங்கன் நகரை. அந்நகரின் பேராலயத்தைக் காணச் சென்றோம். பகுத்தறிவாளருக்குப் பாதிரிமார் மாளிகையில் என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேட்கட்டும்! கல்லைத் தொழச் செல்லவில்லை. கல் சொல்லும் கதையைக் கேட்கச் சென்றோம்.

'ஸ்டீப் ஹில்' என்ற செங்குத்துத் தெருவில் மூச்சு வாங்க ஏறினோம். அத்தெரு தொடங்கும் இடத்துக்கு அருகே 12-ஆம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்று உறுதி குலையாமல் நிற்கிறது. 'யூதர் வீடு' என்பது அதன் பெயர். வீடு இருக்கிறது, வீட்டுக்குரியோர் எங்கே? அந்தக் கேள்வி அப்போது நமக்குத் தோன்றவில்லை. மேலே தெரிந்த கோபுரங்கள் கண்ணைப் பறித்துவிட்டன.

1072-இல் தொடங்கிய பணி. 1185-இல் நிலம் நடுங்கியது, கட்டடம் பிளந்தது. 1192-இல் ஹ்யூ என்ற பிஷப் மீண்டும் கட்டத் தொடங்கினார். நடுக்கோபுரத்தின்மேல் எழுப்பிய ஊசிக்கூம்பு 1548-இல் சரிந்து வீழ்ந்தது, பிறகு எழவேயில்லை. மறைப்பானேன்? உள்ளே நுழைந்ததும் மலைத்துத்தான் நின்றோம். பெயர் பொறிக்கப்படாத கல்தச்சர்களின் கைத்திறன் அது! இன்னொரு வியப்பும் அங்கே காத்திருந்தது. இதே நகரில் 1815-இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஜார்ஜ் பூல், மெய்யையும் பொய்யையும் கணக்காக்கி, இன்றைய கணிப்பொறிக்கு அடிப்படை தந்த அறிஞர். அவர் நினைவாக ஆலயத்துக்குள் ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம்! வாழ்த்திவிட்டு நடந்தோம்.

பாடகர் மண்டபத்தின் தெற்குப்புற நடைவழியில் ஒரு சிறு கல்லறையின் எச்சம். அங்கே நம் நடை நின்றது.

1255-ஆம் ஆண்டு. ஹ்யூ என்ற பெயருடைய சிறுவன் – பிஷப் வேறு, இவன் வேறு – காணாமற் போனான். பின்னர்ப் பிணமாகக் கிணற்றிலே கிடைத்தான். எப்படி இறந்தான்? எவரும் அறியார். அறியாமை இருந்த இடத்தில் ஆத்திரம் அமர்ந்தது. யூதர்கள் அவனைச் சிலுவையில் அறைந்து கொன்றனர் என்றார்கள்! கோபின் என்ற யூதரைப் பிடித்தனர். உயிர்ப்பிச்சை தருவதாகக் கூறி ஒப்புக்கொள்ள வைத்தனர். மன்னன் மூன்றாம் ஹென்றி வந்தான், அந்த வாக்குறுதியைக் காற்றில் விட்டான், கோபினைக் கொன்றான். சுமார் 90 யூதர் லண்டனுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் 18 பேர் தூக்கிலே தொங்கினர். தொங்கியவர் சொத்து? மன்னனுக்கு! செத்த சிறுவனோ மக்கள் வணங்கும் புனிதனானான்.

பாமரர் மட்டுமா நம்பினர்? மாத்யூ பாரிஸ் என்ற துறவி, அக்காலத்தின் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர், இப்பழியை ஏட்டில் எழுதினார். கவிஞர் சாசரும் தம் கதையொன்றின் முடிவில் அச்சிறுவனை நினைவுகூர்ந்தார். 1290-இல் யூதர் அனைவரும் இங்கிலாந்தை விட்டே விரட்டப்பட்டனர். பொய் விரட்டப்படவில்லை. 1934-இல் 'டெர் ஸ்டூர்மர்' என்ற நாஜி ஏடு, இதே வகைப் பழிகளுக்கென ஒரு சிறப்பிதழே வெளியிட்டது!

1955-இல் பேராலயத்தார் அக்கல்லறையருகே ஓர் அறிவிப்பை வைத்தனர். இத்தகைய கதைகள் புனைந்துரைகளே, குற்றமற்ற யூதர் பலரின் உயிரை அவை குடித்தன, கிறித்தவ உலகுக்கு இதனால் பெருமையில்லை என்பது அதன் சாரம். மன்னிப்பும் அதிலே வேண்டப்பட்டது.

எழுநூறு ஆண்டுகள்! ஐரோப்பாவில் 60 இலட்சம் யூதர் மாண்டு, பத்தாண்டுகள் கழிந்த பிறகா இந்த ஞானோதயம் என்று எள்ளி நகையாட நாக்கு துடித்தது. சற்றே பொறுத்தோம். எஞ்சிய கல்லை அகற்றிவிட்டு, எங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கைகழுவியிருக்கலாம் அல்லவா? அவர்கள் அதைச் செய்யவில்லை. பொய் வளர்ந்த இடத்திலேயே அதைப் பொய்யென்று எழுதி வைத்தனர். நம் ஏடுகளிலே நாம் செய்த தவறுகளை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தியிருக்கிறோமா? மனம் உடனே விடை கூறவில்லை.

அருகே ஒரு தாய், எட்டு வயதிருக்கும் தன் மகனுக்கு அங்கிருந்த விளக்கத்தைப் படித்துக் காட்டினார். அவன் கேட்டான்: "அப்படியானால் அவனைக் கொன்றது யார், அம்மா?"

"தெரியாது, கண்ணே. யாருக்குமே தெரியாது."

சிறுவனுக்கு நிறைவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டான். தாயும் சலிக்காமல் அதே விடையைச் சொன்னார்.

இறங்கும் வழியில் யூதர் வீட்டின்முன் நெடுநேரம் நின்றோம்.