பழைய விசைப்பலகையைக் கொடுத்தேன்

ஒரு பெரியவர் தமிழ் தட்டச்சு கற்றுக்கொள்ளாமல் போனதற்கு நான்தான் காரணம். தெரியாமல் நடந்த பிசகில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

2008 வாக்கில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடிப்பேன். அரசுத் தட்டச்சுத் தேர்வில் தமிழ் ஹையர் தேறிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். "தம்பி, நம்ம ஏரியோட கதைய எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருக்கான். தமிழ்ல அடிக்க மட்டும் சொல்லிக் குடுங்க, பீஸ் தர்றேன்" என்றார்.

என் கம்ப்யூட்டரில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, நான் இன்ஸ்டிடியூட்டில் விரல் நோகப் பழகிய பழைய டைப்ரைட்டர் முறை. அந்த இயந்திரத்தில் புள்ளிக்கான விசையைத் தட்டினால் தாளைத் தாங்கிய கேரேஜ் நகராது. அதனால் முதலில் புள்ளியைத் தட்டிவிட்டு அப்புறம்தான் எழுத்தைத் தட்ட வேண்டும். 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, பிறகு க, பிறகு கால். கையால் எழுதும்போது எழுத்தைப் போட்டுவிட்டுப் புள்ளி வைக்கிறோம். இங்கே தலைகீழ். இரும்புக்கு இருந்த இடைஞ்சல் அது. கம்ப்யூட்டரில் கேரேஜ் ஏது? ஆனாலும் பழகிய கைகளுக்காக அந்த வரிசையை அப்படியே தூக்கி வைத்த மென்பொருள்கள் இருந்தன. எனக்கு அவை சௌகரியம்.

இன்னொன்று தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசை. ஆய்தத்துக்கும் கிரந்தத்துக்கும்தான் ஷிஃப்ட் வேண்டும். உயிரெல்லாம் இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க-வைத் தட்டி ஒ-வைத் தட்டினால் 'கொ' வந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் உயிர்மெய் படித்த எவருக்கும் இதில் புதிதாகக் கற்க எழுத்தின் இடத்தைத் தவிர ஒன்றுமில்லை. இதைவிட அழகு, புள்ளி தானாக விழுவது. அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, 'அம்மா' வந்து நிற்கும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி. ங-வுக்குப் பின்னால் க, ந-வுக்குப் பின்னால் த, ம-வுக்குப் பின்னால் ப வந்தாலும் அப்படியே. இனவெழுத்து என்று அவர் வகுப்பில் காலமெல்லாம் நடத்திய பாடம் இதுதான். அதை அந்த விசைப்பலகை தெரிந்து வைத்திருந்தது. ஒரு தமிழாசிரியர் முன்னால் அதைத் திறந்து 'அம்மா' அடித்துக் காட்டியிருந்தால் மனிதர் சிறுபிள்ளையாகக் குதூகலித்திருப்பார். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

நான் அவரிடம் கொடுத்தது பழைய முறையின் அட்டவணை. "இதுதான் சார் முறையான டைப்பிங். மத்ததெல்லாம் விளையாட்டு" என்றேன்.

ஏன்? ஒன்று காசு. அவர் தாமே அடித்துக்கொண்டால் ஏரியின் கதை என் கடைக்கு எதற்கு வரப்போகிறது? ஆனால் காசு மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். நான் பட்ட பாடுதான் என் மரியாதை என்று நினைத்திருந்தேன். விடியற்காலை வகுப்பு, தப்படித்தால் மாஸ்டரின் ஸ்கேல், தோற்று மறுபடி எழுதிய தேர்வு. இத்தனையும் பட்டு நான் ஏறிய இடத்துக்கு ஒருவர் மாடிப்படியில் கைவீசி ஏறி வந்தால் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? எளிதாக வருவது எதுவும் வித்தையே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு மவுஸ் பிடிக்கப் பழக்கியதே ஒரு சீட்டாட்டம். 1990-இல் விண்டோஸ் 3.0-இல் சேர்ந்து வந்து, பின்னால் வந்த பதிப்புகளிலும் தொடர்ந்த சாலிட்டேர். சீட்டை அழுத்திப் பிடி, இழு, விடு. கை நடுங்கித் தவறான இடத்தில் விட்டால் சீட்டு பழைய இடத்துக்கே போய்விடும், அவ்வளவுதான். யாரும் திட்ட மாட்டார்கள். ஜெயித்தால் சீட்டுகள் துள்ளித் துள்ளி விழும். படிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் படித்து முடித்திருந்தேன். யாரோ ஒருவர் எனக்குக் காட்டிய அந்தத் தயவை வாங்கிக்கொண்டவன்தான் வேறொருவருக்குக் கதவைச் சாத்தினேன்.

அவர் கொஞ்ச நாள் வந்தார். புள்ளி முன்னால், எழுத்து பின்னால் என்பதில் தடுக்கிக்கொண்டே இருந்தார். "வயசாயிடுச்சு தம்பி, மண்டைல ஏறல" என்று ஒருநாள் சிரித்தார். உங்கள் மண்டையில் கோளாறு இல்லை சார் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு கோடு போட்ட நோட்டில் மணிமணியான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தேன். தள்ளுபடிகூடச் செய்யவில்லை.

இப்போது என் கடையில் ஜெராக்ஸ்தான் அதிகம். போன வருஷம் அவரிடமிருந்து வாட்ஸப்பில் நீளமாக ஒரு செய்தி வந்தது, ஏரியின் மதகுகளைப் பற்றி, முழுக்கத் தமிழில். பேத்தி போனில் தமிழ்99-ஐப் போட்டுக் கொடுத்தாளாம். ஒரே வாரத்தில் கை வந்துவிட்டதாம். மறுநாள் ஏரிக் கதைப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தைப் பக்கம் கட்டித் தரக் கேட்டு நேரில் வந்தார். போனை நீட்டி, ங-வும் க-வும் தட்டிக் காட்டி, "பாருங்க, புள்ளி அதுவா விழுது!" என்றார். அப்புறம் கேட்டார், "ஏன் தம்பி, இது அப்பவே இருந்துச்சா?"

"இப்பத்தான் சார் வந்திருக்கு" என்றேன்.