தடை ஏதும் உண்டா என்று கேட்டார்கள்

எங்கள் ஆலயத்தில் ஒரு திருமணத்துக்கு முறைப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். இவர்கள் இணைவதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்று மூன்று முறையும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளை ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளை. திருமணப் பேச்சு தொடங்கிய நாட்களில் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தான். "டீச்சர், எனக்குப் பொம்பளப் பிள்ளைங்க மேல அப்படி ஒரு எண்ணம் வந்ததே இல்ல. எனக்கு ஆம்பளங்க மேலதான். கல்யாணம் பண்ணினா அந்தப் பிள்ளைய ஏமாத்துற மாதிரி ஆயிடும்" என்றான். தன்னைவிட, முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றித்தான் அவன் அதிகம் கவலைப்பட்டான். நான் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தேன். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், கர்த்தர் மாற்றுவார் என்றேன். அவன் அழுதான். மனந்திரும்புதலின் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு தூத்துக்குடியிலிருந்து பெண்ணின் தாயார் போனில் விசாரித்தார். "உங்க வார்த்தைய நம்பித்தான் டீச்சர் அவ்வளவு தூரம் கடல் தாண்டிப் பிள்ளைய அனுப்புறோம்" என்றார். தங்கமான பிள்ளை என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் மறைத்தது தெரிந்திருந்தால் அந்தத் தாய் மகளைக் கொடுத்திருக்க மாட்டார். அது தெரிந்துதான் மறைத்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், வேதத்தின்மேல் வைத்த பக்தியால் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையல்ல.

அந்தமானில் எங்கள் ஹட் பே ஆலயத்தில் ஹர்மிந்தர் பே நிக்கோபாரிகளும் ராஞ்சிக்காரர்களும் தமிழர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். பொது ஆராதனை இந்தியில் நடக்கும். தமிழ் ஜெபக்கூட்டம் வீடுகளில். அந்தக் கூட்டத்தில் வேதபாடம் எடுப்பவள் நான். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொல்லி, ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. அந்த வாரம் அதையே பாடமாக எடுத்துக்கொண்டேன். அந்தப் பையனும் அங்கே இருந்தான்.

அன்று இரண்டு ஆதாரங்களை வைத்தேன். ஒன்று, எங்கள் வட இந்தியத் திருச்சபையும் சேர்ந்திருக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் 1998 லாம்பெத் மாநாட்டுத் தீர்மானம். 526 ஆயர்கள் ஆதரித்தும் 70 பேர் எதிர்த்தும் நிறைவேறியது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது, ஓரினச்சேர்க்கை வேதத்துக்கு ஒவ்வாதது என்று அது சொல்கிறது. அதே தீர்மானம், இத்தகைய ஈர்ப்புள்ளவர்களின் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்க ஆயர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றும், அவர்கள்மேல் கொள்ளும் காரணமற்ற அச்சத்தைக் கண்டிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பகுதியை நான் வாசிக்கவில்லை.

இரண்டாவது, மத்தேயு 19. ஆதியிலே ஆணும் பெண்ணுமாகப் படைத்தவரைப் பற்றி இயேசு பேசும் இடம். ஆறாம் வசனத்தில் நிறுத்திக்கொண்டேன். அதே அதிகாரத்தில் பன்னிரண்டாம் வசனத்தில், பிறவியிலேயே அண்ணகராய் இருப்பவர்களையும் மனிதரால் அப்படி ஆக்கப்பட்டவர்களையும் பரலோக ராஜ்யத்துக்காகத் தங்களை அப்படி ஆக்கிக்கொண்டவர்களையும் பற்றி அவர் பேசுகிறார். திருமணத்தைப் படைப்பிலே வேரூன்றச் சொன்ன அதே மூச்சில், திருமணத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கும் இடம் வைக்கிறார். எத்தனையோ ஆண்டு அந்த அதிகாரத்தைப் போதித்தவள், அந்த வசனத்தை ஒருமுறைகூட வாய்விட்டு வாசித்ததில்லை.

இந்த விஷயத்தில் கிறிஸ்தவர்கள் ஏன் பிரிந்து நிற்கிறார்கள் என்பதை நான் படிக்கத் தொடங்கியதே அந்தத் திருமணம் முறிந்த பிறகுதான். ஒரு பக்கம் வேதத்தை நம்புகிறவர்கள், மறுபக்கம் நம்பாதவர்கள் என்றுதான் போதித்திருந்தேன். அப்படி இல்லை. வசனங்களுக்கு அடியில் வேறு நம்பிக்கைகள் கிடக்கின்றன. ஆண் பெண் என்ற உடல் வேறுபாடே ஒரு அடையாளம், கிறிஸ்துவும் சபையும் போல, ஆகவே அன்பு எவ்வளவு ஆழமானாலும் அந்த வேறுபாடு இல்லாத இடத்தில் திருமணம் இல்லை என்று ஒரு தரப்பு நம்புகிறது. இது வெறுப்பிலிருந்து வருவதல்ல, படைப்பைப் பற்றிய ஒரு பெரிய பார்வையிலிருந்து வருவது. உடன்படிக்கையும் உண்மையும்தான் அந்த அடையாளம் என்று மறுதரப்பு நம்புகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் பதினைந்தில், விருத்தசேதனம் இல்லாத புறஜாதியார்மேலும் ஆவியானவர் இறங்கியதைக் கண்ட பிறகு எருசலேம் சபை தன் முடிவை மாற்றவில்லையா என்று அவர்கள் கேட்கிறார்கள். கண்ணால் கண்ட கனியை வைத்து வேதத்தைத் திரும்ப வாசிக்கலாமா, கூடாதா? சண்டையின் நடுமுடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த ஈர்ப்பு விழுந்துபோன உலகத்தின் காயமா, படைப்பின் பலவகையில் ஒன்றா என்பதும், திருமணம் முதலில் பிள்ளைப்பேற்றுக்கா, துணைக்கா என்பதும் அதோடு சேர்ந்தே வரும்.

இந்தக் கடைசிக் கேள்வியில் எங்கள் சபைகள் ஏற்கெனவே இடம் மாறியிருக்கின்றன. கருத்தடையை 1920இல் கண்டித்த லாம்பெத் மாநாடு, 1930இல் வரம்போடு அனுமதித்தது. எனக்குத் தெரிந்த கிறிஸ்தவத் தம்பதிகள் யாரும் அதை விசுவாசத் துரோகமாக நினைப்பதில்லை. ரோமில் கத்தோலிக்கத் தலைமை 2023 டிசம்பரில், ஒரே பாலினத் தம்பதிகளைத் திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல் ஆசீர்வதிக்கலாம் என்று அறிவித்தபோது, ஆப்பிரிக்க ஆயர்கள் சில வாரங்களிலேயே தங்கள் சபைகளில் அது இல்லை என்றார்கள். அமெரிக்க மெதடிஸ்டு சபையிலிருந்து ஆயிரக்கணக்கான சபைகள் விலகிப் போயின. இந்தப் பிரிவுகளில் நிற்பவர்கள் இரு பக்கமும் எதையோ உயிராக நம்பி அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

நான் எதை நம்பினேன்? என் பேச்சில் முதல் தரப்பு. அதை உண்மையாகவே நம்பியிருந்தால், அவன் வந்த மாலையில், "நீ திருமணம் செய்யாதே, தனியாக வாழ், இந்தச் சபை உனக்குக் குடும்பமாக இருக்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எடுத்துக்காட்டிய தீர்மானமே, திருமணத்துக்கு அழைக்கப்படாதவர்களுக்கு விலகியிருத்தல் உகந்தது என்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது தனித்திருப்பதையே மேலாகச் சொல்கிறார். டோனாவூரில் எமி கார்மைக்கேல் 1951இல் மறையும்வரை திருமணமின்றி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்ததை ஞாயிறு பள்ளியில் கதையாகச் சொல்பவளும் நான்தான். ஆனால் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த வாழ்வைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகாத பிள்ளை பெற்றோர் தலைமேல் உள்ள கடன் என்று நான் நம்பினேன். ஆணை ஒரு பெண் சரிசெய்துவிடுவாள் என்று நம்பினேன். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். ஹட் பேயை விட்டு வெளியே போகக் கப்பல் வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். இங்கே ஒரு வீட்டின் பேச்சு மறுநாள் காலை சந்தையில் இருக்கும். இவைதான் என் அடிப்படை நம்பிக்கைகள். மேலே வசனத்தைப் போர்த்தியிருந்தேன்.

நாம் இப்படிச் செய்வது முதல்முறை அல்ல. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றது. இடித்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கத்தைக் கடவுளின் ஒழுங்கு என்று நம்பிக்கொண்டு முழங்காலிட்டவர்கள் அவர்கள். இன்றும் ஆதியாகமத்தை மேற்கோள் காட்டித் திருமணம் நடத்துகிறோம். பெண் தேடும்போது ஆதியாகமத்தில் இல்லாத சாதியைக் கேட்கிறோம். அந்தப் பையனுக்குப் பெண் பார்த்தபோதும் முதலில் கேட்டது அதைத்தான். நானும் சேர்ந்துதான் கேட்டேன்.

2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சேர்ந்து வாழ்வதற்காக மதுரையிலிருந்து போன இரண்டு பெண்களின் வழக்கில் தீர்ப்பு எழுதுமுன், இந்த விஷயத்தில் தனக்கே அறியாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். இத்தகையவர்களை "மாற்றும்" சிகிச்சைகளுக்குத் தடை விதிக்கச் சொன்னது அந்தத் தீர்ப்பு. அதைப் படித்தபோது எனக்குக் கூசியது. அதிகாரமுள்ள ஒருவர் முதலில் கேட்டார். நான் கேட்காமலே கையை வைத்து ஜெபித்தேன். நான் கொடுத்த சிகிச்சை ஒரு பெண்ணின் வாழ்க்கை.

ஒரே பாலினத் திருமணத்தை எங்கள் ஆலயத்தில் நடத்தலாமா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல இன்னும் என்னால் முடியவில்லை. படைப்பைப் பற்றி முதல் தரப்பு சொல்வதில் எனக்கு இன்னும் பிடிப்பு இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் சபை, திருமணம் செய்யாத பிள்ளைகளுக்கு வீடும் உறவும் முதுமையில் கைத்தாங்கலும் கொடுக்கக் கடமைப்பட்டது. கொடுக்காத சபைக்கு அந்தப் பிள்ளைகளிடம் அந்த வசனத்தைச் சொல்லும் உரிமை இல்லை. எங்கள் போதகரிடம் இதைச் சொல்லி, திருமணத்துக்கு முன்னான வகுப்பை இனி நான் எடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டாள். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அவனே அவளிடம் சொன்னான். அவள் எனக்குப் போன் செய்து, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "எங்கம்மா உங்ககிட்டத்தானே கேட்டாங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அப்படி எதிர்பார்க்கவும் எனக்கு முகமில்லை.

சம்மதம் வஞ்சனையால் பெறப்பட்டிருந்தால் கிறிஸ்தவத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளிக்க 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் இடமிருக்கிறது. விவாகரத்தானவள் என்ற பெயர் இல்லாமல் அவள் வெளியே வர அதுதான் வழி என்று அவளுடைய வக்கீல் சொல்கிறார். சாட்சி சொல்வதாக இருந்தால் அவனுடைய ரகசியத்தை நான்தான் திறக்க வேண்டும். அதனால் இந்த முறை அவனிடம் முதலில் கேட்டேன். "சொல்லுங்க டீச்சர், அவளுக்காகச் சொல்லுங்க" என்றான். எனக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், அவள் தாயாரிடம் என்ன சொன்னேன், ஓலை வாசித்தபோது எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். கோர்ட்டுக்கு வரச் சொன்னால் கப்பலேறிப் போவேன்.