பூட்டும் அயலும்

இரத்மலானையில் வசிப்பவர்களுக்குச் சத்தம் புதிதல்ல. இரவு பதினொரு மணிக்கும் ஓயாத காலி வீதி, புகையிரதப் பாதை, புகையிரதத் தொழிற்சாலை, 1935இல் திறக்கப்பட்ட விமான நிலையம், இடையிடையே சிறிய ஆலைகள் என்று எப்போதும் ஏதாவது ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குப் பழகிய எங்கள் ஒழுங்கையில், ஒரு கொண்டி முறியும் சத்தத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பின்கதவின் கொண்டி முறிந்த இரவிலும் அப்படித்தான் நடந்தது.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் மாதத்தின் கடைசி நாளில் 13 மணித்தியால மின்வெட்டு. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு இருள் என்று ஆங்கில எழுத்து வாரியாக அட்டவணை போட்டுப் பத்திரிகையிலும் தொலைபேசியிலும் வந்தது. நாங்கள் சமையலுக்கும் படிப்புக்கும் அதைப் பார்த்து நேரம் ஒதுக்கினோம். அதே அட்டவணை திருடனுக்கும் கிடைக்கும் என்று அப்போது எவரும் யோசிக்கவில்லை.

சில நாட்களில் நோன்பு தொடங்கியது. ஒரு நாள் உம்மா, உம்மும்மா, தம்பி, நான் எல்லோரும் தெஹிவளையில் சாச்சி வீட்டுக்கு நோன்பு திறக்கப் போனோம். வாப்பாவும் நானாவும் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். ஒழுங்கையில் மின்சாரம் இல்லை. திரும்பி வந்தபோது முன்கதவு பூட்டியபடியே இருந்தது. பின்கதவுதான் திறந்து கிடந்தது. உம்மாவின் அலுமாரி லாச்சிகள் கட்டிலில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. உம்மும்மா தன் கல்யாணத்தில் போட்டு, பிறகு உம்மாவுக்குக் கொடுத்த இரண்டு காப்புகள் இல்லை. நானாவின் மடிக்கணினியும் இல்லை. தம்பியின் தலையணையில் ஒரு சப்பாத்தின் அடையாளம் இருந்தது. காப்பைவிட அந்த அடையாளம்தான் எங்களை அதிகம் கலங்க வைத்தது. அதன்பின் ஒரு மாதம் தம்பி அந்தக் கட்டிலில் படுக்கவில்லை.

வாப்பா செய்த முதல் காரியம் சரியானது. “ஒண்டையும் தொடாதீங்க, எல்லாரும் வெளிய வாங்க” என்றார். திருடன் உள்ளே இன்னும் இருக்கலாம். இல்லாவிட்டாலும் அவனது கைவிரல் அடையாளம் இருக்கலாம். வாசலில் நின்றே 119க்கு அழைத்தார். பொலிஸார் வந்து பார்த்தார்கள், முறைப்பாட்டை எழுதினார்கள். காப்பின் நிறை என்ன, வேலைப்பாடு எப்படி, படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பழைய கல்யாணப் படம் ஒன்றில்தான் அது தெரிந்தது. நகைகளைத் தனித்தனியே படம் எடுத்து, கடைப் பற்றுச்சீட்டோடு வேறொரு வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருப்பது எவ்வளவு உதவியாக இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அடுத்த நாள் அயலவர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஆறுதலோடு ஒரு கேள்வியும் வந்தது. “உங்கட வீட்டுக்கு உடுப்புக் கழுவ வாற பொம்புளட்ட கேட்டீங்களா?” ஒருவர் கேட்டதும் மற்றவர்களும் அதையே கேட்டார்கள். அந்த அக்கா நான்கு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருபவர். கால்வாய் ஓரத்தில் ஒரு சிறிய வீட்டில் மூன்று பிள்ளைகளோடு வசிப்பவர். பின்கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதுதான் அவர்மேல் இருந்த ஒரே ‘சாட்சி’. பின்கதவு எங்கே என்று காஸ் கொண்டு வருபவருக்கும், மின்மானி பார்ப்பவருக்கும், ஒழுங்கையில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும்கூடத் தெரியும்.

உம்மும்மா மட்டும் அசையவில்லை. “காணாத விஷயத்த வாயால செல்லப்படாது மகள். காப்பு எண்ட காப்பு. நான் செல்றன், அவ எடுக்கல்ல” என்றார். பொலிஸார் வழமைப்படி எல்லோரிடமும் விசாரித்தபோது, அந்த அக்காவுக்கு அருகில் உம்மா போய் உட்கார்ந்துகொண்டார். அக்காவின் கைகள் நடுங்கியதை நான் கண்டேன். நகை போனவர்கள் நாங்கள். ஆனால் அன்று எங்களைவிட அதிகமாக இழக்கக்கூடிய நிலையில் இருந்தவர் அவர்தான். அவருடைய பெயர் கெட்டால் அந்த ஒழுங்கையில் எந்த வீடும் அவருக்குக் கதவு திறக்காது. திருடன் யார் என்பது இன்றுவரை தெரியவரவில்லை. அக்கா இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

எனக்கு வந்த சோதனை வேறு. அந்த வருடம் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் வெள்ளவத்தையில் கணித வகுப்பு. நான் வகுப்புக்குப் போனால் உம்மா கூட வரவேண்டும். வந்தால் உம்மும்மாவும் தம்பியும் வீட்டில் தனியே. “கொஞ்ச நாளைக்கு வகுப்ப நிப்பாட்டுவோம்” என்று வாப்பா சொன்னார். காப்பைத் திருடன் கொண்டுபோனான். என் வகுப்பைப் பயம் கொண்டுபோகப் பார்த்தது. வீட்டைப் பாதுகாப்பது என்ற பேச்சு வந்தால், அது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண் பிள்ளையைப் பூட்டி வைப்பதில் போய் முடிகிறது. இதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

வீட்டை உறுதிப்படுத்தும் வேலைகள் தொடங்கின. எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பியை உருக்கி ஒட்டிவிடச் சொன்னார் உம்மா. வேலைக்கு வந்த பாஸ், “தீப்பிடிச்சா எந்தப் பக்கத்தால வெளிய போவீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே ஒரு படுக்கையறை ஜன்னலின் கம்பியை மட்டும் கீல் வைத்துத் திறக்கும்படி செய்து, உட்புறம் பூட்டு போட்டோம். அதன் திறப்பு சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது: வெளியிலிருந்து கையை நீட்டினால் எட்டாது, உள்ளேயிருந்து தம்பிக்கும் எட்டும். பின்கதவுக்குப் பலகை மாற்றி, மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டோம். கொண்டியின் சிறிய ஆணிகளுக்குப் பதிலாக நிலையின் உள்ளே ஆழமாக இறங்கும் நீளமான திருகாணிகள் வந்தன. ஏனெனில் அன்று உடைந்தது பூட்டு அல்ல. பூட்டைத் தாங்கிய பலகைதான்.

பூட்டைப் பற்றிப் பாடசாலை நூலகத்தில் வாசித்தபோது ஒரு சுவையான விஷயம் கிடைத்தது. இலண்டனில் பிராமா என்ற பூட்டு நிறுவனம், தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துக் கடை ஜன்னலில் வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக எவராலும் திறக்க முடியவில்லை. 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மணித்தியாலங்கள் சென்றன. அன்று புகழ்பெற்றிருந்த சப் நிறுவனத்தின் பூட்டையோ அரை மணித்தியாலத்துக்குள் திறந்துவிட்டார். திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று இல்லை. திருடனைத் தாமதிக்கச் செய்வதுதான் பூட்டின் வேலை. அந்தத் தாமதத்தில் யாராவது அவனைக் காணவேண்டும். காண ஆள் இல்லாவிட்டால் எந்தப் பூட்டும் வெறும் இரும்புதான்.

அந்த ‘யாராவது’ யார்? இதற்கு இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலுள்ள கேர்க்ஹோல்ட் குடியிருப்பு ஒரு விடை தந்திருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் அங்கு வீடுடைப்பு மிக அதிகம். ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மீண்டும் திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடப் பல மடங்கு அதிகம். வழி தெரிந்துவிட்டது, போன பொருளுக்குப் பதிலாகப் புதியதும் வந்திருக்கும். ஆகவே திருட்டுப் போன வீட்டையே முதலில் கவனித்தார்கள். காசு போட்டு மின்சாரமும் வாயுவும் பெறும் பெட்டிகளில் இருந்த பணத்தை எடுக்கவே பலர் வந்ததால், அந்தப் பெட்டிகளை அகற்றினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரிடம் அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள். மூன்று வருடங்களில் அங்கு வீடுடைப்பு 75 சதவீதம் குறைந்தது.

இதை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி சொல்லும் நபிமொழியை அவர் நினைவுபடுத்தினார். “கயிறு மட்டும் போதாது, பக்கத்து வீட்டு ஆளும் வேணும்” என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். அந்தக் கிழமையே ஒழுங்கையில் ஆறு வீட்டாரும் எங்கள் முற்றத்தில் கூடினோம். சிங்களவர் வீடு மூன்று, தமிழர் வீடு ஒன்று, எங்களோடு சேர்த்து முஸ்லிம் வீடு இரண்டு. எல்லோர் தொலைபேசி இலக்கங்களும் ஒரு தாளில் எழுதப்பட்டன. வெளியூர் போவதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாமல், அந்த ஆறு வீட்டுக்கு மட்டும் சொல்வது என்று தீர்மானித்தோம். பத்திரிகை வாசலில் குவியாமல் எடுப்பது, இருட்டியதும் ஒரு விளக்கைப் போடுவது, ஏணியை மதிலோரம் விடாமல் உள்ளே வைப்பது என்று சிறிய வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். வேலைக்கு வருபவர்மீது ஆதாரமின்றிப் பழி சொல்வதில்லை என்பதை உம்மும்மா கடைசியாகச் சேர்த்தார். எவரும் மறுக்கவில்லை.

என் வகுப்பும் அப்படித்தான் மீண்டது. எதிர்வீட்டு ஆன்டி அந்த இரண்டு பின்னேரமும் எங்கள் வாசலில் வந்து உம்மும்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கச் சம்மதித்தார்.

வீட்டுப் பாதுகாப்பு ஆண்களின் விஷயம் என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. கமெராவும் திரையும் கொண்ட வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற தாதி. நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வசித்தவர். வேலை நேரம் காரணமாகத் தனியே வீட்டில் இருக்க நேர்ந்தவர். இலத்திரனியல் தெரிந்த கணவரோடு சேர்ந்து, கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள் வைத்து, வெளியே நிற்பவரை அறைக்குள்ளிருந்தே பார்த்துப் பேசும்படி அமைத்தார். இன்று எத்தனையோ வீட்டு வாசல்களில் காணும் கமெராக்களுக்கு அவருடைய எண்ணம் முன்னோடி.

இந்த வருட நோன்பிலும் நாங்கள் தராவீஹுக்குப் போகும்போது எதிர்வீட்டு ஆன்டி எங்கள் முன்விளக்கைப் பார்த்துக்கொண்டார். சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் மாத்தறைக்குப் போன நான்கு நாளும் அவர்களது திறப்பு எங்கள் வீட்டில் இருந்தது. பூனைக்குச் சோறு வைப்பது தம்பியின் பொறுப்பு. இப்போது அவன் தன் கட்டிலிலேயே படுக்கிறான்.